வீடு வாங்கக் கொடுத்த பணம் யாருடையது?

சென்னைப் புறநகரில் 60 லட்ச ரூபாய்க்கு ஒரு பழைய தனி வீடு விலைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வாங்க நினைப்பவருக்கு 32 வயது. நல்ல வேலை, ஒழுங்கான சம்பளம். வங்கி கடன் தரத் தயார். ஆனால் எவ்வளவு தரும்? ரிசர்வ் வங்கி விதிப்படி, 30 லட்சம் வரையிலான வீட்டுக் கடன் சொத்து மதிப்பில் 90 சதவீதம் வரை போகலாம். கடன் 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரை என்றால் 80 சதவீதம், அதற்கும் மேல் 75 சதவீதம். ஆக இவருக்குக் கிடைப்பது 48 லட்சம். 12 லட்சம் கைப்பணமாக வேண்டும். தமிழ்நாட்டில் இப்படியொரு வீட்டின் கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். அதற்கு 5 லட்சத்து 40 ஆயிரம். வீட்டின் விலை 10 லட்சத்தைத் தாண்டிவிட்டால் இந்தச் செலவை விலையோடு சேர்த்துக் கடன் கணக்குப் போட வங்கிக்கு அனுமதி இல்லை. தரகர் கமிஷன், வக்கீலின் லீகல் ஒப்பீனியன், அடமானப் பதிவு, பெயிண்ட், மோட்டார், குடிபோகும் செலவு என்று கூட்டினால் 20 லட்சத்தைத் தொடாமல் அந்த வீட்டுக்குள் கால்வைக்க முடியாது.

முப்பது வயதில் 20 லட்சத்தைச் சம்பளத்திலிருந்து சேர்த்து வைத்திருப்பவர்கள் குறைவு. அப்பாவின் கிராஜுவிட்டியும் பி.எஃப். பணமும் வரும். அம்மாவின் நகை வரும். ஊரில் அரை ஏக்கர் விற்கப்படும். துபாயில் இருக்கும் அண்ணன் அனுப்புவார். மாமனார், ‘என் பங்குக்கு’ என்று ஒரு தொகை தருவார். வங்கிக் கடன் பற்றி ஊரெல்லாம் பேசுகிறது. இந்த 20 லட்சத்தைப் பற்றி, அதைத் தந்தவரும் பெற்றவரும்கூடப் பேசுவதில்லை.

ஒரு தலைமுறைக்கு முன் வரிசை வேறாக இருந்தது. 1977இல் ஹெச்.டி. பரேக் எச்.டி.எஃப்.சி.யைத் தொடங்கிய காலம்வரை, நடுத்தரக் குடும்பத்துக்கு வீட்டுக் கடன் என்றால் அரசு ஊழியருக்கான முன்பணமோ கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கமோதான் பெரும்பாலும் கண்ணில் பட்டவை. வேலையிலிருந்து ஓய்வுபெற்று, கையில் மொத்தமாகப் பணம் வந்தபிறகு மனையில் அஸ்திவாரம் போட்டவர்கள் ஏராளம். இன்று பிள்ளை முப்பதில் வாங்குகிறார், அறுபதுவரை தவணை கட்டுகிறார். ஓய்வுக்காலப் பணம் இன்றும் வீடாகத்தான் மாறுகிறது. ஆனால் அப்பா பெயரில் எழும்பியிருக்க வேண்டிய சுவர் மகன் பெயரில் எழும்புகிறது. இதில் தவறு எதுவுமில்லை. பிள்ளைகளுக்குத் தராமல் வேறு யாருக்குத் தருவது? ஆனால் ஒருவருடைய முதுமைக்கான பணம் இன்னொருவருடைய இளமையில் செலவாகிறது என்பதை அந்தக் குடும்பம் உரக்கச் சொல்லிக்கொள்வதில்லை.

இந்தக் கட்டுரையில் நான் அழுத்திச் சொல்ல வருவது ஒன்றுதான். வீடு வாங்கத் தரப்படும் பணம் எந்த வகையில் தரப்படுகிறது என்பதை, தரும் அன்றே, எழுத்தில் சொல்லிவிட வேண்டும். திருப்பித் தர வேண்டாத அன்பளிப்பா, வட்டியில்லாக் கைமாற்றா, பின்னால் வரப்போகும் பாகத்துக்கு முன்தொகையா, மகளுக்கே உரிய சீதனமா, ‘கடைசிவரை எங்களைப் பார்த்துக்கொள்’ என்ற எதிர்பார்ப்போடு தந்ததா? தருபவர் மனதில் ஒன்று, வாங்குபவர் மனதில் வேறொன்று, பார்த்துக்கொண்டிருக்கும் தங்கையின் மனதில் இன்னொன்று என்றுதான் நம் வீடுகளில் இது நடக்கிறது. சட்டமோ இவை ஒவ்வொன்றையும் தனித்தனியாக நடத்துகிறது.

வருமான வரியிலிருந்து தொடங்கலாம். எல்லோரும் முதலில் பயப்படுவது அதற்குத்தான். அவ்வளவு பயப்படத் தேவையில்லாததும் அதுதான். 1958ஆம் ஆண்டின் அன்பளிப்பு வரிச் சட்டம் கொடுத்தவரிடம் வரி கேட்டது. அந்த வரி 1998 அக்டோபர் 1 முதல் எடுக்கப்பட்டது. 2004இல் வேறு வழியாகத் திரும்பி வந்தது, இம்முறை வாங்கியவர் தலையில்: உறவல்லாதவரிடமிருந்து 25,000 ரூபாய்க்கு மேல் சும்மா வந்த பணம் வருமானமாகக் கருதப்பட்டது. 2006இல் அந்த வரம்பு 50,000 ஆயிற்று; இன்றும் அதுதான். 1961ஆம் ஆண்டுச் சட்டம் போய் 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்தாலும், இந்த ஏற்பாட்டின் சாரம் மாறவில்லை. பிரிவு எண்கள்தான் மாறின.

உறவினரிடமிருந்து வந்தால் எத்தனை லட்சமானாலும் வரி இல்லை. ஆனால் யார் உறவினர் என்பதைச் சட்டம் தன் கணக்கில் வைத்திருக்கிறது. கணவன் மனைவி, உடன்பிறந்தவர்கள், கணவன் அல்லது மனைவியின் உடன்பிறந்தவர்கள், பெற்றோரின் உடன்பிறந்தவர்கள், நேர்வழியில் மேலும் கீழும் உள்ள தாத்தா பாட்டி, பெற்றோர், பிள்ளைகள், பேரன் பேத்திகள், மனைவி அல்லது கணவன் வழியில் அதே நேர்வழியினர், இவர்கள் எல்லோரின் துணைவர்கள். தாய்மாமா தரலாம், சித்தப்பா தரலாம், அத்தையும் அத்தையின் கணவரும் தரலாம், மாமனார் மருமகனுக்குத் தரலாம். பெரியப்பா மகன் தந்தால் உறவு இல்லை! நம்மூரில் அண்ணன் என்றே அழைக்கும் ஒருவர், வரிச் சட்டத்தின் முன் அந்நியர். இன்னொன்றும் உண்டு. தாய்மாமா மருமகனுக்கு 10 லட்சம் தந்தால் வரி இல்லை. அதே மருமகன் பிறகு நன்றாகச் சம்பாதித்து, வீடு வாங்கும் மாமாவுக்கு 10 லட்சம் தந்தால் மாமா வரி கட்ட வேண்டும். பெற்றோரின் உடன்பிறந்தவர் பட்டியலில் இருக்கிறார், உடன்பிறந்தவரின் பிள்ளை இல்லை. இது எழுதியவர்களின் கவனப் பிசகு என்றே நினைக்கிறேன். திருத்தியிருக்க வேண்டும்.

50,000 என்பது ஒருவரிடம் வாங்கும் வரம்பு அல்ல, வருடம் முழுவதும் உறவல்லாத எல்லோரிடமிருந்தும் வந்ததன் கூட்டுத்தொகை. தாண்டினால் தாண்டிய பகுதிக்கு மட்டுமல்ல, முழுத் தொகைக்கும் வரி. திருமணத்தன்று மணமக்களுக்கு வரும் மொய்க்கு, யார் தந்தாலும், விலக்கு உண்டு. கிரகப்பிரவேசத்துக்கு அந்த விலக்கு இல்லை. புதுவீட்டில் பால் காய்ச்சும் நாளில் நண்பர்களும் அலுவலகத்தாரும் எழுதும் மொய் 50,000ஐத் தாண்டினால் அது வருமானம்தான்.

உண்மையில் குடும்பங்கள் மாட்டிக்கொள்ளும் இடம் ரொக்கம். ஒரே நாளில் ஒருவரிடமிருந்தோ, ஒரே நிகழ்வை ஒட்டியோ 2 லட்சம் அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்கக் கூடாது என்ற விதி 2017 ஏப்ரல் முதல் இருக்கிறது. பெற்றோர் பிள்ளை என்று அதற்கு விலக்கு இல்லை. அப்பா பீரோவிலிருந்து 5 லட்சம் எடுத்துத் தந்தால் வரி கிடையாது, ஆனால் வாங்கிய மகனுக்கு 5 லட்சம்வரை அபராதம் விதிக்கலாம். கைமாற்றாக வாங்கினால் வரம்பு இன்னும் கீழே, 20,000. சொத்து விற்பவர் வாங்கும் அட்வான்ஸுக்கும் அதே 20,000தான். அட்வான்ஸை ரொக்கமாகக் கேட்பதும் கொடுப்பதும் நம் ஊர்களில் இன்றும் சாதாரணம். அபராதம் விற்றவருக்கு, ஆனால் விசாரணை வரும்போது அந்த ரொக்கம் எங்கிருந்து வந்தது என்று வாங்கியவரிடமும் கேள்வி வரும்.

வங்கி வழியாகக் கொடுத்துவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து மேலே போன ஒரு வழக்கில் 2007இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. வெளிநாட்டிலிருந்து காசோலையாக, வங்கி வழியாகவே வந்த பணம் அது, அன்பளிப்பு என்றார்கள். காசோலை வந்தது மட்டும் அன்பளிப்புக்கு ஆதாரமாகாது என்றது நீதிமன்றம். தந்தவர் யார், தரக்கூடிய வசதி அவருக்கு இருந்ததா, ஏன் தந்தார் என்ற மூன்றுக்கும் நம்பும்படியான பதில் வேண்டும். அப்பா மகன் என்றால் மூன்றாவது கேள்விக்கு இடமில்லை. இரண்டாவது கேள்வி நிற்கும். ஓய்வுபெற்று மாதம் 30,000 ஓய்வூதியம் வாங்குபவர் 15 லட்சம் தந்தால் அது எங்கிருந்து வந்தது? வைப்புநிதி முதிர்ந்த ரசீதோ, நிலம் விற்ற பத்திரத்தின் நகலோ, நகைக்கடை பில்லோ அவரிடம் இருக்க வேண்டும். நகலொன்று மகனிடமும் இருக்க வேண்டும். பல வருடம் கழித்து நோட்டீஸ் வரும்போது அப்பா உயிரோடு இல்லாமல் போகலாம்.

அப்பா ஊர் வீட்டை விற்று அந்தப் பணத்தைத் தரும்போது இன்னொரு சிக்கல் வருகிறது. பிள்ளைக்கு வரி இல்லை என்பதால் அப்பாவுக்கும் இல்லை என்றாகாது. வீடு விற்ற லாபத்துக்கு மூலதன ஆதாய வரி உண்டு. விற்றவர் அந்த லாபத்தில் வேறு வீடு வாங்கினால் விலக்குப் பெறலாம். வாங்கும் வீடு மனைவி பெயரில் இருந்தும் அந்த விலக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் 2006இல் ஒரு வழக்கில் ஏற்றிருக்கிறது. வயதுவந்த மகன் பெயரில் மட்டும் வாங்கும்போது விலக்கு மறுக்கப்படலாம். அப்பாவையும் இணை உரிமையாளராகப் பத்திரத்தில் சேர்த்தால், அவர் போட்ட பணத்தின் அளவுக்கு விலக்கும் கேட்கலாம், அவருக்கு வீட்டில் உரிமையும் இருக்கும். ஊர்ப்புறத்து விவசாய நிலத்தை விற்றவருக்கு இந்தக் கவலை கிடையாது. அது மூலதனச் சொத்தாகவே கருதப்படுவதில்லை. கணவன் தந்த பணத்தில் மனைவி வாங்கிய வீட்டின் வாடகை கணவன் கணக்கில் சேரும் என்பதையும், மாமனார் மாமியார் மருமகளுக்குத் தந்தாலும் இதே கணக்குத்தான் என்பதையும் சொல்லிவிட்டு வரியை விட்டு நகரலாம்.

வங்கி என்ன கேட்கிறது? உங்கள் பங்கை முதலில் கட்டுங்கள், மீதியை நாங்கள் தருகிறோம் என்கிறது. அந்தப் பங்கு எங்கிருந்து வந்தது என்று கணக்குப் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்கிறது. சில வங்கிகள் தந்தவரிடமிருந்து ஒரு கடிதம் கேட்கின்றன. பெரும்பாலும் அது சம்பிரதாயமாகவே முடிகிறது. லண்டனில் ஹாரோவிலும் ஈஸ்ட் ஹாமிலும் வீடு வாங்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு இதே விஷயம் வேறு கண்டிப்போடு நடக்கிறது. அங்கே பெற்றோர் முன்பணம் தந்தால், இது திருப்பிக் கேட்கும் கடன் அல்ல, இந்த வீட்டில் எனக்கு உரிமை எதுவும் வேண்டாம் என்று அவர்கள் கையெழுத்திட்ட கடிதம் வேண்டும். தருபவரின் அடையாளச் சான்றையும் வங்கிக் கணக்கையும் வாங்குபவரின் வழக்கறிஞர் சரிபார்ப்பார். தந்தவர் ஏழு ஆண்டுகளுக்குள் இறந்துவிட்டால் அந்தத் தொகை வாரிசுரிமை வரிக் கணக்கில் வரக்கூடும்; வருடத்துக்கு 3,000 பவுண்டு அளவுக்குப் பொது விலக்கு உண்டு. அந்தக் கடிதத்தை வங்கி கேட்பது தன் பாதுகாப்புக்காகத்தான். ஆனால் கையெழுத்துப் போடும் நேரத்தில், இது கடனா, தானமா என்று அந்த அப்பாவும் மகளும் ஒருமுறை பேசியே தீர வேண்டியிருக்கிறது. இங்கே அப்படிப் பேசவைக்கும் இடம் எதுவும் இல்லை.

இருக்க வேண்டிய இடம் கிரயப் பத்திரம். அதில் ஒரு பத்தி வரும்: கிரயத் தொகையில் எவ்வளவு, எந்தத் தேதியில், எந்த வங்கியின் எந்த எண்ணுள்ள காசோலை அல்லது டி.டி. வழியாக விற்பவர் பெற்றுக்கொண்டார் என்று. சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே உள்ள கடையில் ஆவண எழுத்தர் பழைய மாதிரி ஒன்றைத் திறந்து பெயரையும் தொகையையும் மாற்றி அடிக்கிறார். பெயரில் எழுத்துப்பிழை இருக்கிறதா, நான்கெல்லை சரியா, சர்வே எண் சரியா, முன் ஆவண எண் சரியா என்று குடும்பமே மாறி மாறிப் படிக்கிறது. பணம் வந்த வழியைச் சொல்லும் பத்தியை மட்டும் யாரும் படிப்பதில்லை. 12 லட்சம் அம்மாவின் கணக்கிலிருந்து நேரே போயிருந்தால் அங்கே அம்மாவின் பெயரும் வந்திருக்கும். அம்மா முதலில் மகன் கணக்குக்கு மாற்றி, மகன் அங்கிருந்து டி.டி. எடுத்தால், பத்திரத்தில் மகன் மட்டும்தான்.

இந்தப் பத்தியின் மதிப்பு 1882ஆம் ஆண்டுச் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 45ஆம் பிரிவில் தெரிகிறது. இருவர் சேர்ந்து ஒரு சொத்தை வாங்கினால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, அவரவர் போட்ட பணத்தின் விகிதத்தில் பங்கு. யார் எவ்வளவு போட்டார்கள் என்பதற்கு ஆதாரமே இல்லை என்றால் சமபங்கு என்று கொள்ளப்படும். கணவனும் மனைவியும் கூட்டாக வாங்கிய வீட்டில் மனைவியின் அப்பா தந்த 15 லட்சமும் இருக்கிறது, கணவனின் தவணையும் இருக்கிறது என்றால், விகிதத்தைப் பத்திரத்திலேயே எழுதிவிடலாம். அதற்குக் கூடுதல் செலவு கிடையாது.

அப்பா பணம் போட்டு மகன் பெயரில் வாங்குவது பினாமி ஆகாதா என்று கேட்பவர்கள் உண்டு. கணக்கில் காட்டிய பணத்தில் மனைவி அல்லது பிள்ளை பெயரில் வாங்குவதை பினாமித் தடைச் சட்டம் விலக்கியே வைத்திருக்கிறது. உடன்பிறந்தவர் பெயரில் வாங்கினால், பணம் போட்டவரின் பெயரும் பத்திரத்தில் சேர்ந்திருக்க வேண்டும். ஆனால் ‘பணம் என்னுடையது, ஆகவே வீடும் என்னுடையது’ என்று பின்னால் ஒருவர் கிளம்பினால் பணம் வந்த வழி மட்டும் தீர்ப்பைத் தராது. 1973இல் உச்ச நீதிமன்றம் வகுத்த அளவுகோல்கள் இன்றும் எடுத்தாளப்படுகின்றன: பணம் யாருடையது, வாங்கியபின் அனுபவித்தது யார், வேறொருவர் பெயரில் வாங்க என்ன காரணம், இருவருக்கும் என்ன உறவு, மூலப்பத்திரம் யார் கையில் இருந்தது, பிறகு யார் எப்படி நடந்துகொண்டார்கள். தந்தவர் அன்றைக்கு என்ன எண்ணித் தந்தார் என்பதைக் கண்டுபிடிக்கத்தான் இத்தனையும். பல வருடம் கழித்துச் சாட்சிகளைக் கூண்டில் ஏற்றித் தேடும் அந்த எண்ணத்தை அன்றே ஒரு தாளில் எழுதியிருக்கலாம்.

பெண்கள் கொண்டுவரும் பணத்தின் நிலைதான் எனக்கு மிகவும் மனம் கொதிக்கும் இடம். கல்யாணத்துக்குப் போட்ட 40 பவுனில் 30 பவுன், முதல் வீட்டுக்கு முன்பணமாக உருகுகிறது. சிலசமயம் விற்கிறார்கள், சிலசமயம் அடகு வைக்கிறார்கள். நகைக்கடை பில் யார் பெயரில் இருக்கிறது, பணம் எந்தக் கணக்கில் ஏறியது என்று அந்தப் பெண் கேட்பதில்லை. கேட்டால் ‘நம்ம வீட்டுக்குத்தானே’ என்று ஒரு பதில் வரும். வீடு கணவன் பெயரில் பதிவாகிறது, சிலசமயம் மாமனார் பெயரில். சீதனம் மனைவியின் முழு உரிமை, அது கணவன் கையில் இருந்தாலும் அவன் வெறும் பொறுப்பாளன்தான் என்று உச்ச நீதிமன்றம் 1985இலேயே சொல்லிவிட்டது. 2024 ஏப்ரலில் கேரளத்திலிருந்து வந்த வழக்கில் அதையே மறுபடி உறுதிசெய்தது: பிறந்த வீட்டில் போட்ட 89 பவுன் நகையும், திருமணத்துக்குப்பின் அப்பா தந்த 2 லட்சமும் பறிபோனதாக வந்த பெண்ணுக்கு 25 லட்சம் தரச் சொன்னது. சீதனம் கணவன் மனைவியின் கூட்டுச் சொத்தாவதில்லை. நெருக்கடிக்கு அவன் பயன்படுத்தலாம், ஆனால் திருப்பித் தரும் கடமை அவனுக்கு உண்டு என்றது. அந்தப் பெண்ணுக்குத் திருமணமானது 2003இல். நகை போன வழியைக் காட்டும் ஒரு தாள் இருந்திருந்தால் இத்தனை வருடம் நீதிமன்றம் ஏறியிருக்க வேண்டியதில்லை.

மாமனார் தானாக மனமுவந்து தருவது ஒன்று. ‘பிளாட்டுக்கு முன்பணம் உங்க பொறுப்பு’ என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்டு வாங்குவது வேறு. திருமணத்துக்கு முன்போ பின்போ எப்போதாயினும், திருமணத்தை ஒட்டிக் கேட்டு வாங்கினால் 1961ஆம் ஆண்டின் வரதட்சிணைத் தடைச் சட்டப்படி அது வரதட்சிணை. வாங்கியது யாராக இருந்தாலும் அதை மூன்று மாதத்துக்குள் பெண்ணுக்கே மாற்றித் தர வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. அன்பளிப்பு என்று கடிதம் எழுதி வாங்கிவைப்பதால் வரதட்சிணை அன்பளிப்பு ஆகிவிடாது. மகளின் வீட்டுக்குப் பணம் தரும் பெற்றோருக்கு நான் சொல்வது: பணத்தை மகள் கணக்கில் போடுங்கள், அங்கிருந்து விற்பவருக்குப் போகட்டும், பத்திரத்தில் மகள் பெயரும் வரட்டும். 10 லட்சம் வரையிலான சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறையும் என்று தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் முதல் சலுகை தருகிறது. நல்ல தொடக்கம். சென்னையில் 10 லட்சத்துக்கு வீடு எங்கே கிடைக்கும் என்பதையும் அரசு யோசிக்க வேண்டும்.

உடன்பிறந்தவர்களுக்கு இடையே வரும் மனவருத்தம் வரியைவிட அதிகக் குடும்பங்களைப் பிரித்திருக்கிறது. மூத்தவன் வீடு வாங்க அப்பா 20 லட்சம் தந்தார். இளையவளுக்குக் கல்யாணச் செலவோடு சரி. ‘அவனுக்குத் தரவேண்டியதைத் தந்தாச்சு, இந்த வீடு உனக்குத்தான்’ என்று அப்பா வாய்மொழியாகச் சொல்லியிருப்பார். உயில் எழுதாமல் அவர் இறந்துபோனால் என்னாகும்? 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்தில், உயிரோடு இருந்தபோது தந்ததைப் பாகத்தில் கழித்துக்கொள்ளும் ஏற்பாடு கிடையாது. மூத்தவன் 20 லட்சத்தையும் வைத்துக்கொண்டு, மீதிச் சொத்தில் தங்கைக்கு இணையான பங்கும் கேட்கலாம், சட்டம் தடுக்காது. கிறிஸ்தவர்களுக்கான இந்திய வாரிசுரிமைச் சட்டம் இதை 49ஆம் பிரிவில் வெளிப்படையாகவே சொல்கிறது: வாழ்நாளில் பிள்ளைக்குத் தந்ததைப் பங்கு கணக்கிடும்போது பார்க்கக் கூடாது. முஸ்லிம் குடும்பங்களில் ஹிபா எனும் கொடையாகத் தந்ததும் அப்படியே நிற்கும். தருவதாகச் சொல்லுதல், ஏற்றுக்கொள்ளுதல், கையில் ஒப்படைத்தல் ஆகிய மூன்றும் முடிந்தால் போதும். உயிலுக்கு உள்ள மூன்றில் ஒரு பங்கு வரம்பு வாழ்நாள் ஹிபாவுக்குக் கிடையாது.

அப்பா ‘இது உன் பாகத்துக்கு முன்தொகை’ என்று நினைத்துத் தந்தார் என்றால் அந்த நினைப்புக்குச் சட்டத்தில் தானாக உயிர் வருவதில்லை. அதற்கு இரண்டு வழி இருக்கிறது. தரும்போதே எல்லாப் பிள்ளைகளும் கையெழுத்திடும் ஒரு குடும்ப ஒப்பந்தம். இல்லாவிட்டால், மூத்தவனுக்குத் தந்ததைக் குறிப்பிட்டு மீதியை மற்றவருக்கு ஒதுக்கும் உயில். தங்கையிடம் விடுதலைப் பத்திரம் எழுதி வாங்குவதில் காட்டும் அவசரத்தை, அண்ணனிடம் ஒரு வரி எழுதி வாங்குவதில் நம் குடும்பங்கள் காட்டுவதில்லை. 1989லேயே மகள்களுக்குக் கூட்டுக்குடும்பச் சொத்தில் பங்கு தரச் சட்டத்தைத் திருத்திய மாநிலம் இது. ஆனால் வீட்டு முன்பணம் என்ற பெயரில் அந்தப் பங்கு முன்வாசல் வழியாகவே மகன்களுக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

தந்தது கைமாற்றுதான் என்றால் அதையும் நேராகச் சொல்லிவிடலாம். புரோநோட்டு எழுதிக்கொண்டால், கேட்டு வழக்குப் போட மூன்று வருடக் காலவரையறை உண்டு. இடையில் ஒரு பகுதியைத் திருப்பித் தந்து கையெழுத்திட்டால் காலம் புதிதாகத் தொடங்கும். அண்ணனிடம் கடன் வாங்கி அதைப் புரோநோட்டாக எழுதிக்கொள்வது அவமானம் என்று நினைப்பவர்கள், வங்கி நீட்டும் தாள்களில் எத்தனை கையெழுத்துப் போட்டோம் என்று நினைத்துப் பார்க்கலாம்.

கடைசியாக, தந்துவிட்டு வெறுங்கையோடு நிற்கும் பெற்றோர். 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, தம்மைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தைத் தந்த மூத்தவர், அது நடக்காதபோது அந்த மாற்றத்தை ரத்துசெய்யக் கேட்கலாம் என்கிறது. கோட்டாட்சியர் நிலைக்குக் குறையாத அதிகாரியின் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு தரலாம். நிபந்தனை இருந்ததென்று நிறுவ வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022இல் கண்டிப்பாகச் சொன்னது. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம், இது முதியோரின் நலனுக்கான சட்டம், தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்றது. அதே வருடம் மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம், அன்பினால் தருகிறேன் என்ற சொற்களுக்குள்ளேயே பார்த்துக்கொள்வாய் என்ற நிபந்தனை அடங்கியிருக்கிறது என்று ஒரு தாயின் வழக்கில் தீர்ப்பளித்தது.

அந்தச் சட்டத்தில் சொத்து என்பதற்கு அசையாச் சொத்து மட்டுமல்ல, அசையும் சொத்தும் அடங்கும். ஆகவே பணமும் அடங்கும். ஆனால் நடைமுறையில் இரண்டும் ஒன்றல்ல. வீட்டை எழுதித் தந்த தாய்க்குப் பதிவான பத்திரம் இருக்கிறது. தீர்ப்பாயம் அதை ரத்துசெய்யலாம். 20 லட்சம் பணமாகத் தந்த தாய்க்கு? அந்தப் பணம் வேறொருவர் பெயரில் உள்ள, வங்கிக்கு அடமானமான வீட்டின் சுவருக்குள் போய்விட்டது. ரத்துசெய்ய ஒரு பத்திரம் இல்லை. வீட்டைத் தருவதைவிடப் பணத்தைத் தரும்போதுதான் பெற்றோர் அதிகம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். நடப்பதோ தலைகீழ், வீட்டை எழுதித் தர வருடக்கணக்கில் யோசிப்பவர்கள், வைப்புநிதியை ஒரே காலையில் உடைத்துத் தந்துவிடுகிறார்கள். ஒரு லட்சம்கூடத் தங்களுக்கென்று மிச்சம் வைக்காமல் தருவதை நான் ஏற்கவில்லை. மருத்துவச் செலவுக்கும் ஐந்தாறு வருட வாழ்வுக்கும் எடுத்துவைத்த பிறகு மிஞ்சுவதைத்தான் தரலாம். அதற்கு மேல் தர மனம் வந்தால், கிரயப் பத்திரத்தில் தம் பெயரையும் ஒரு பங்குக்குச் சேர்க்கக் கேட்கலாம். பிற்பாடு அந்தப் பங்கை மகனுக்கே செட்டில்மெண்ட் எழுதித் தர நினைத்தால், தமிழ்நாட்டில் குடும்பத்துக்குள் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் அதிகபட்சம் 10,000. 20 லட்சத்துக்கு இது பெரிய காப்பீட்டுச் செலவு அல்ல.

எழுத வேண்டிய தாள் ஒரு பக்கத்தைத் தாண்டாது. தருபவர் பெயர், பெறுபவர் பெயர், உறவு, பான் எண்கள், தொகை, தேதி, எந்தக் கணக்கிலிருந்து எந்தக் கணக்குக்கு, தருபவருக்கு அந்தப் பணம் வந்த வழி, எந்த வீட்டை வாங்க, திருப்பித் தர வேண்டுமா வேண்டாமா, வீட்டில் தருபவருக்கு உரிமை உண்டா இல்லையா, பிற பிள்ளைகளுக்கு இது தெரியுமா. பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற எதிர்பார்ப்பு இருந்தால் அதையும் ஒரு வரியில் எழுதலாம். நீதிமன்றங்கள் தேடுவது அந்த வரியைத்தான். இருவரும் கையெழுத்திட்டு, இரண்டு சாட்சிகளும் போடலாம். பணத்தை அன்பளிப்பாகத் தரப் பதிவு கட்டாயமில்லை, ஒப்படைத்தாலே செல்லும். பதிவு கட்டாயமாவது நிலத்துக்கும் வீட்டுக்கும்தான். கூடவே தருபவர் தன் உயிலையும் எழுதிவிடுவது நல்லது. உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், பதிவும் கட்டாயமில்லை, வெள்ளைத்தாளில் எழுதி, பயன்பெறாத இருவர் முன்னிலையில் கையெழுத்திட்டு, அவர்களும் சாட்சிக் கையெழுத்திட்டால் போதும். பிள்ளை வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கும் அதே வாரத்தில் இவ்விரண்டு தாள்களையும் முடித்துவிடலாம். தவணை தொடங்கியபின் இதைப் பேச எடுத்தால், ‘இப்ப எதுக்கு இது?’ என்று முதலில் கேட்பவர் பெரும்பாலும் பணம் வாங்கியவராகத்தான் இருப்பார்.